வெளிநாட்டு வேலையும் அனுமதிச் சீட்டும்
கையெழுத்திடும் முன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

காலையில் சீவிய பாலை நிறுவைக்குக் கொண்டு செல்லும்போது, வாளியின் எடை ஒன்றே நமது வருமானத்தை முடிவு செய்வதில்லை. அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதைச் சோதித்த பிறகே கணக்கு எழுதப்படுகிறது. மழைநீர் கலந்த பால் எடையில் கனக்கும், ரப்பரில் குறையும். இதனை அறியாத தோட்டத் தொழிலாளி இல்லை.

வெளிநாட்டு வேலைக்கும் இக்கணக்குப் பொருந்தும். முகவர் சொல்லும் சம்பளத் தொகை வாளியின் எடையைப் போன்றது. அச்சம்பளத்தில் நம் கைக்கு எவ்வளவு வந்து சேரும், எத்தனை மாதம் வரும், துன்பம் நேர்ந்தால் நாம் வாய் திறந்து முறையிட முடியுமா என்பனவற்றை முடிவு செய்வது விசாவும் வேலை அனுமதிச் சீட்டுமே ஆகும். இன்று தோட்டப்புற இளைஞர் பலர் சிங்கப்பூருக்கும், ஆஸ்திரேலியாவுக்கும், வேறு நாடுகளுக்கும் செல்ல விரும்புகின்றனர். அவ்விருப்பம் குற்றமன்று. முறையாகச் சென்று, குடும்பத்தை உயர்த்தி, சொந்த வீடு கட்டியவர்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் ஒரே ஊரிலிருந்து, ஒரே வேலைக்குச் சென்ற இருவரில் ஒருவர் நிறைவோடு திரும்புவதும் மற்றவர் கடனோடு திரும்புவதும் நாம் காணும் செய்தியே. இவ்வேற்றுமை பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்த சீட்டினால் விளைவது. அதனை ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினாங்குத் துறைமுகம் கற்பித்த பாடம்

இப்பாடத்தை நமது முன்னோர் தம் வாழ்விலேயே கற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழ்த் தொழிலாளர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினர். நிபோங் திபால், பத்து காவான் வட்டாரங்களில் அன்று கரும்பு விளைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. வந்தவர்களில் பலர் ஜெரெஜாக் தீவில் இருந்த தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கவைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்குள் நுழைந்தனர்.

அவர்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் குறிப்பிட்ட காலத்திற்கு ஒரே முதலாளியிடம் உழைக்கக் கட்டுப்பட்டிருந்தனர். கப்பல் செலவு அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டுச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு வெளியேறுவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1907 ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்திலிருந்து தொழிலாளரின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. இம்முறையில் வந்தவர் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகிச் செல்லச் சட்டம் இடம் தந்தது. கங்காணியின் பிடியும் கடனும் அவ்வுரிமையைப் பல இடங்களில் பெயரளவில் நிறுத்தின என்பது உண்மையே. எனினும், இருவரும் ஒரே கடலைக் கடந்து ஒரே வெயிலில் உழைத்தவர்கள் என்றபோதும், ஒருவர் விலகினால் சிறை, மற்றவர் விலகினால் வேறு தோட்டம் என்ற நிலையைத் தோற்றுவித்தது அவர்களைக் கொண்டுவந்த ஏற்பாடே. ஒப்பந்தக் கூலி முறை 1910 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. உதவிப் பணம் பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938 ஆம் ஆண்டில் தடை செய்தது.

நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் இப்பாடம் மீண்டும் ஒருமுறை வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற ஏற்பாடு, 1968 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1969 இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில், ஒரே நிரையில் மரம் சீவிய இருவரில் நீல அடையாளக் கார்டு வைத்திருந்தவர் வேலையில் நீடித்தார். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர் பெர்மிட்டுக்காகக் காத்திருந்தார். குடியுரிமை மனுவை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பலர். அக்காலத்தில் பல்லாயிரவர் தாங்கள் பிறந்த அல்லது நெடுங்காலம் உழைத்த மண்ணை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேற நேர்ந்தது. 1973 வரை இக்கடலில் ஓடிய ‘ரஜூலா’ கப்பலை நினைவில் வைத்திருக்கும் மூத்தோருக்கு இத்துயரம் தெரியும்.

உழைப்பு எவ்வளவு உண்மையானதாக இருப்பினும், அதற்குத் துணை நிற்கும் தாள் சரியாக இல்லாவிட்டால் உழைப்பவனுக்குப் பாதுகாப்பு இல்லை. நம் குடும்பங்களின் வரலாறு இதனை இருமுறை மெய்ப்பித்திருக்கிறது. மூன்றாம் முறையும் அதனை நாம் பட்டறிந்து கற்க வேண்டியதில்லை.

நுழையும் அனுமதி வேறு, உழைக்கும் அனுமதி வேறு

ஒரு நாட்டினுள் நுழைவதற்கான அனுமதி வேறு. அங்கே வேலை செய்வதற்கான அனுமதி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதிலிருந்தே பெரும்பாலான துன்பங்கள் தொடங்குகின்றன.

ஜார்ஜ்டவுன் நகரில் தாய்லாந்துத் துணைத்தூதரகம் இருக்கிறது. தாய்லாந்தில் வேலை செய்ய விரும்பும் வெளிநாட்டார் முதலில் அதற்குரிய ‘பி’ வகை விசாவைப் பெற வேண்டும். அதன் பின்னர் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சின் கீழ் வேலை அனுமதியையும் தனியே பெற வேண்டும். விசா மட்டும் இருந்தால் போதாது. வடமாநிலங்களில் வாழும் நமக்கு எல்லை தாண்டி ஹாட்யாய் சென்று வருவது எளிது. சுற்றிப் பார்க்க விசா கேட்கப்படுவதில்லை. ஆனால் அந்த எளிமை கடையிலோ உணவகத்திலோ வேலை செய்யும் உரிமையை நமக்குத் தருவதில்லை.

சிங்கப்பூருக்கும் மலேசியர் விசா இன்றிச் செல்லலாம். அங்கே வேலை அனுமதி இல்லாமல் உழைத்தால் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அனுமதிக் காலம் முடிந்து 90 நாளுக்கு மேல் தங்கியவர்களுள் ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் மலேசியர் மின்வழிப் பயண அனுமதியை விரைவில் பெறுகின்றனர். அது ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் வரை தங்கிச் சுற்றிப் பார்க்கவும், உறவினரைக் காணவும், வணிகச் சந்திப்புகளுக்கும் உரியது. பழம் பறிக்கவும் காய்கறிப் பண்ணையில் உழைக்கவும் உரியதன்று. காலங்கடந்து தங்கிப் பிடிபட்டவருக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் மீண்டும் நுழையத் தடை ஏற்படும்.

“முதலில் சுற்றுப்பயணியாகப் போய்ச் சேருங்கள், அங்கே போனபின் மாற்றிக்கொள்ளலாம்” என்று எவரேனும் கூறுவாராயின், அங்கேயே நாம் நின்றுவிட வேண்டும். முறையான முதலாளி, தொழிலாளி புறப்படும் முன்னரே அனுமதி கேட்டு விண்ணப்பிப்பார். மாற்றிக்கொள்ளலாம் என்ற சொல்லை நம்பிச் சென்றவர் விமானம் இறங்கிய முதல் நாளிலேயே சட்டத்தின் முன் குற்றவாளியாகிறார். குறைந்த கூலி கொடுத்தாலும், இரவு பகலாக வேலை வாங்கினாலும், அடித்தாலும்கூட அவர் காவல் நிலையத்தை நாட அஞ்சுவார். அந்த அச்சமே அவரை அழைத்துச் சென்றவனின் முதலீடு.

சீட்டில் யார் பெயர் இருக்கிறது?

இரண்டாவதாக நாம் பார்க்க வேண்டியது, வேலை அனுமதி எந்த முதலாளியின் பெயரால், எந்த வேலைக்காக வழங்கப்படுகிறது என்பதாகும்.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நமது தோட்டங்களிலேயே இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நம்முடன் உழைக்கின்றனர். அவர்களது தற்காலிக வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளிக்கும் குறிப்பிட்ட துறைக்கும் உரியது. காலம் முடியும்போது புதுப்பிக்கப்பட வேண்டியது. தோட்டத்திற்கென வந்தவர் தாமாகவே தொழிற்சாலைக்கோ உணவகத்திற்கோ மாறிச் செல்ல முடியாது. முதலாளி புதுப்பிக்கத் தவறினால், தவறு செய்யாத தொழிலாளியே சட்டப்படி தங்கும் தகுதியை இழக்கிறார். அவர்களது கவலையை நாம் நாள்தோறும் காண்கிறோம். வேறு நாட்டில் நாம் இருக்கப் போகும் இடம் அதுவே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிங்கப்பூரின் வேலை பெர்மிட்டும் அத்தகையதே. அதற்கு விண்ணப்பிப்பவர் முதலாளி. அதனை ரத்து செய்யக்கூடியவரும் அவரே. ஒரு நிறுவனத்தின் பெர்மிட்டை வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் வேறொருவரிடம் கூலிக்குச் செல்வதும் குற்றமாகும். பெர்மிட் பொதுவாக ஈராண்டு வரை வழங்கப்படுகிறது. அதற்கு முன்னதாகக் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் ஒன்று வரும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். முகவர் வாயால் சொன்ன தொகையைவிடக் கடிதத்தில் உள்ள தொகையே நம்பத்தக்கது. இரண்டும் வேறுபட்டால் புறப்படுவதற்கு முன் விளக்கம் கேட்க வேண்டும். விண்ணப்பத்தின் நிலையைச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையச் சேவையில் சரிபார்க்கவும் வழி உண்டு. நமக்குப் பழக்கமில்லை எனில், பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் சில நிமிடங்களில் அதனைச் செய்து தருவர்.

ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது என்பதனால் பெர்மிட் கிடைத்துவிட்டதாக எண்ணுதல் ஆகாது. அங்கே சென்றபின் மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். தேறாதவர் திரும்பி வர நேரிடும். அந்நிலையில் நாம் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது அறிவுடைமை.

அனுமதியின் வகையும் கவனிக்கத்தக்கது. வேலை பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் எனச் சிங்கப்பூரில் பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிய தகுதியும் உரிமையும் வேறு. வேலை பெர்மிட்டில் செல்பவர் மனைவி மக்களைச் சார்ந்தோர் அனுமதியின் கீழ் அழைத்துக்கொள்ள முடியாது. உயர்ந்த அனுமதிகளிலும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருந்தால்தான் அவ்வுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வேலை பெர்மிட்டில் உள்ளவர் சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ திருமணம் செய்ய மனிதவள அமைச்சின் ஒப்புதல் பெற வேண்டும். இளம் வயதில் புறப்படும் நம் பிள்ளைகள் இவற்றை அறிந்தே செல்ல வேண்டும்.

பணம் யார் கொடுப்பது?

அனுமதிக்காக நாம் கொடுக்கும் பணத்தை அந்த அனுமதியின் காலத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் 12,000 வெள்ளி கடன் வாங்கி முகவருக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் உணவு, தங்குமிடம் போக அவருக்கு மாதம் 1,500 வெள்ளி மிஞ்சுகிறது எனவும் கொள்வோம். கடனை அடைக்க மட்டும் எட்டு மாதம் ஆகும். அவர் கையில் இருப்பது மூன்று மாதச் சுற்றுலா அனுமதி என்றால், 4,500 வெள்ளி அடைத்து 7,500 வெள்ளிக் கடனோடு திரும்புவார். ஓராண்டு வேலை அனுமதி என்றால், கடன் தீர்ந்து 6,000 வெள்ளி எஞ்சும். அதாவது மாதத்திற்கு 500 வெள்ளியே. ஈராண்டு அனுமதி என்றால் 24,000 வெள்ளி எஞ்சும். மாதத்திற்கு 1,000 வெள்ளி. சம்பளமும் வேலையும் ஒன்றே. சீட்டின் காலம் மாறியதால் வாழ்வே மாறிவிடுகிறது. இக்கணக்கில் வட்டியைச் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் கொள்வோம். வட்டிக்குக் கொடுப்பவரிடம் பெற்ற கடனாயின் நிலைமை இன்னும் கடினம்.

பணம் வாங்குவதற்கு எல்லை உண்டு. சிங்கப்பூரில் உள்ள வேலைவாய்ப்பு முகவர், தொழிலாளியிடமிருந்து ஒப்பந்தத்தின் அல்லது அனுமதியின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளத்திற்கு மேல் கட்டணம் பெறலாகாது. எப்படியாயினும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டலாகாது. வேலை கொடுத்ததற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் பெறுவதும், வெளிநாட்டுத் தொழிலாளர் தீர்வையைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவதும் அந்நாட்டுச் சட்டத்திற்கு முரணானவை. தாளில் உயர்ந்த சம்பளம் காட்டி, மாதந்தோறும் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கும் ஏமாற்றும் அங்கே நடைபெற்றிருக்கிறது. அதற்கு இணங்கிப் பொய்யான சம்பளத்தைத் தெரிந்தே ஒப்புக்கொள்ளும் தொழிலாளியும் சிக்கலுக்கு உள்ளாவார். வேலைக்குச் சேர்க்கும் செலவைத் தொழிலாளர் மீது சுமத்தலாகாது என்பதே அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் கோட்பாடாகும்.

இரண்டு ஏமாற்றுகள்

கடந்த ஆண்டுகளில் மலேசியரைப் பெரிதும் பாதித்த இரண்டு ஏமாற்றுகளை நாம் அறிந்திருப்பது நன்று.

முதலாவது, ஆஸ்திரேலியாவில் நடந்தது. சுற்றுலா அனுமதியில் வந்தவர்களிடம், “வேலை செய்யும் உரிமையுள்ள விசா வாங்கித் தருகிறோம்” என்று கூறி, அவர்கள் பெயரில் புகலிடம் கேட்டு மனுச் செய்தனர் சிலர். மனு விசாரணையில் இருக்கும் காலத்திற்கு ஓர் இடைக்கால விசா கிடைக்கக்கூடும். அதனைக் காட்டி வேலை விசா என்றனர். 2016 முதல் 2018 வரையிலான ஆண்டுகளில் அந்நாட்டினுள் இருந்துகொண்டு அவ்வாறு மனுச் செய்தவர்களில் மலேசியரே மிகுதி. அம்மனுக்களில் மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. தம் பெயரில் என்ன எழுதப்பட்டது என்பதை அறியாமலே கையெழுத்திடுபவர், தம் தாய்நாட்டில் தமக்கு ஆபத்து என்று பொய் சொன்னவராகப் பதிவேட்டில் இடம்பெறுகிறார். பசிபிக் தீவு நாடுகளுக்கும் தீமோர் லெஸ்தேவுக்கும் ஆஸ்திரேலியா பண்ணை வேலைக்கான திட்டம் ஒன்றை நடத்துகிறது. மலேசியா அதில் இடம்பெறவில்லை. ஆகவே அத்திட்டத்தில் சேர்த்து விடுவதாகக் கூறும் விளம்பரம் பொய் என்று உடனே தெளியலாம்.

இரண்டாவது, 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் உலுக்கியது. கணினி வேலை, வாடிக்கையாளர் சேவை, உயர்ந்த சம்பளம் என்று விளம்பரம் கண்டு சென்ற மலேசியர் பலர் கம்போடியாவின் சிஹானுக்வில்லிலும், தாய்லாந்து எல்லையை அடுத்த மியன்மாரின் மியாவாடி வட்டாரத்திலும் அடைத்து வைக்கப்பட்டு, இணையவழி மோசடி செய்யும்படி வற்புறுத்தப்பட்டனர். மறுத்தவர்கள் அடிக்கப்பட்டனர், விடுதலைக்குப் பெருந்தொகை கேட்கப்பட்டது. அவர்களது பயணம் எவ்வாறு தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நாம் விசா இன்றி நுழையலாம். ஆகவே எந்தத் தூதரக அதிகாரியும் அவர்களது வேலைத் தாளைப் பார்க்கவில்லை. எந்தக் கேள்வியும் எழவில்லை. தாய்லாந்து வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து ஆற்றைக் கடந்து மியன்மாருக்குள் கொண்டு செல்லப்பட்டவர்களுக்கு அந்நாட்டில் நுழைந்ததற்கே சான்று இல்லாமற் போயிற்று. விசா கேட்காத நாடு என்பது வசதிதான். ஆனால் அவ்விடத்தில் நமக்காகக் கேள்வி கேட்பார் இல்லை என்பதால், கேட்க வேண்டிய கேள்விகளை நாமே கேட்டாக வேண்டும்.

விட்டுச் செல்வதையும் எண்ணுவோம்

தோட்டத் தொழிலாளிக்கு ஒரு தனிக் கவலை உண்டு. நாம் குடியிருக்கும் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை செய்பவர் விலகினால், வீட்டையும் ஒப்படைக்கும்படி நிர்வாகம் கேட்கலாம். வெளிநாடு செல்பவர் ஒருவரே அவ்வீட்டின் பதிவுபெற்ற தொழிலாளியாக இருந்தால், முதியோரும் பிள்ளைகளும் எங்கே தங்குவர் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நிர்வாகத்திடமும் தொழிற்சங்கக் கிளையிடமும் முன்னரே பேசுதல் நன்று.

சேமநிதியையும் மறத்தல் ஆகாது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை பெர்மிட்டில் உள்ளவருக்கு முதலாளி அதில் பணம் கட்டுவதில்லை. இங்கே நமது ஊழியர் சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கும் நின்றுவிடும். ஆகவே வெளிநாட்டுச் சம்பளத்தில் ஒரு பகுதியை நாமே சேமநிதியில் செலுத்தி வந்தால்தான் முதுமைக்குப் பாதுகாப்பு இருக்கும். அயலூர்ச் சம்பளத்தை உள்ளூர்ச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது இவ்விரண்டையும் கணக்கில் சேர்க்காவிட்டால், அக்கரைக்கு இக்கரை பச்சையாகவே தோன்றும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை தேடுவோம். விடைகள் வாய்ச் சொல்லாக இல்லாமல் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

1. முகவர் உரிமம் பெற்றவரா? 1981 ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி, ஆள்சேர்க்கும் தொழில் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அவ்வுரிமம் வெளிநாட்டு வேலைக்கும் செல்லுமா என்பதை மனிதவள அமைச்சின் தொழிலாளர் இலாகாவில் கேட்டறியலாம்.

2. அனுமதியின் சரியான பெயர் என்ன? அது வேலை செய்வதற்கு உரியதா, வருகைக்கு மட்டும் உரியதா? அந்நாட்டுத் தூதரகம் அல்லது குடிநுழைவு இலாகா வெளியிட்டுள்ள விதிகள் என்ன கூறுகின்றன?

3. அனுமதியில் எந்த முதலாளியின் பெயர், எந்த வேலை, எந்த இடம் எழுதப்பட்டுள்ளது? ஒப்பந்தத்தில் உள்ளதும் அதுவும் ஒன்றா?

4. எத்தனை மாதத்திற்கு உரியது? புதுப்பிப்பவர் யார்? செலவு யாருடையது?

5. முதலாளி வேலையை நிறுத்தினால் நாம் வேறு முதலாளியிடம் மாறலாமா, நாடு திரும்ப வேண்டுமா? திரும்பும் பயணச் செலவு யாருடையது?

6. மொத்தம் எவ்வளவு பணம் கேட்கிறார்கள்? எதற்கெல்லாம்? ரசீது உண்டா? விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திருப்பித் தருவர்?

7. கடப்பிதழ் யார் கையில் இருக்கும்? நமது கடப்பிதழ் நம்மிடமே இருத்தல் வேண்டும். நம் நாட்டிலேயே 1966 ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி, உரிய அதிகாரமின்றிப் பிறரது கடப்பிதழை வைத்திருப்பது குற்றமாகும்.

8. நோயோ விபத்தோ நேர்ந்தால் மருத்துவச் செலவை ஏற்பவர் யார்?

கடப்பிதழ் குறைந்தது இன்னும் ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாகுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடப்பிதழ், விசா, ஒப்பந்தம், ரசீது ஆகிய அனைத்தின் நகல்களையும் வீட்டில் ஒரு தொகுப்பும் கைத்தொலைபேசியில் ஒரு தொகுப்புமாக வைத்தல் வேண்டும். முதலாளியின் பெயரும் முகவரியும், அந்நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணும் வீட்டாரிடம் இருக்க வேண்டும். ஏமாற்றப்பட்டதாக அறிந்தால் காவல் துறையில் புகார் செய்வதற்குத் தயங்கலாகாது. ஆசை காட்டியோ அச்சுறுத்தியோ ஆளைச் சுரண்டலுக்குக் கொண்டு செல்வதை 2007 ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் கடுங்குற்றமாகக் கருதுகிறது.

“இத்தனை கேள்வி கேட்டால், அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்” என்று சிலர் அஞ்சுவர். நேர்மையான முகவருக்கு இக்கேள்விகள் தொல்லை தருவதில்லை; விடைகள் அவரது கோப்பிலேயே இருக்கும். கேள்வி கேட்டதற்காகவே கைநழுவிப் போகும் வேலையால் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை. “இன்றே பணம் கட்டுங்கள்” என்ற அவசரம் எழும்போது, ஒரு நாள் பொறுத்து, சங்கத் தலைவரிடமோ ஆசிரியரிடமோ தாளைக் காட்டிப் படிக்கச் சொல்வோம்.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கைநாட்டு வைத்தபோது அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படித்தறியும் வாய்ப்பு அவர்களில் பலருக்கு இருக்கவில்லை. அவர்கள் தேடித் தந்த கல்வி இன்று நம் வீடுகளில் இருக்கிறது. படித்துப் பார்த்து, கேட்டுத் தெளிந்து, பிறகு கையெழுத்திடுவோம். செல்பவர் முறையாகச் சென்று நலமாகத் திரும்புவாராக.